கடைசி ரீலில் நீ சொன்ன வரி

என் வீட்டுக்காரிக்கு,

வெளிவராமலே போன உன் படத்தின் கடைசி ரீல் பிழைத்துவிட்டது; ஒலி மட்டும் அழிந்துபோயிற்று. பழைய படங்களைப் புதுப்பிக்கும் கூடத்தின் மேலாளர் இன்று காலை தொலைபேசியில் உறுதிசெய்தார்.

"சார், 'ராஜாவை விட்டு வரமாட்டேன், போய்விடுங்கள்'னு தாசி தளபதிகிட்ட சொல்றதாத்தான் வசனத்தாள்ல இருக்கு. தாசியா நடிச்ச அம்மா வாய் வேற என்னமோ சொல்லுது. அவங்களையே வீட்ல வெச்சுக்கிட்டு நாங்க ஏன் மண்டையை உடைச்சுக்கணும்? கேட்டுச் சொல்லுங்க!" என்று சிரித்தார்.

கேட்கவே வேண்டாம். "என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றாய். செய்தி சேகரிக்க வந்து கேமராவுக்கு வலப்பக்கம் நின்ற நான் காதாரக் கேட்டேன். எனக்குச் சொன்னதாக நினைத்துத்தான் மறுவாரமே பெண் கேட்டு வந்தேன். விளக்கு வெளிச்சத்தில் அன்று உன் கண் யாரைப் பார்த்தது என்று தெரியவில்லை.

இன்று கூடத்துக்குப் போய்ப் பதினோரு முறை ஓட்டிப் பார்த்தேன். நீ பார்ப்பது கேமராவுக்கு இடப்பக்கம். அங்கே நின்றவர் தளபதி வேடக்காரர். இயக்குநர் அங்கே பார்க்கச் சொல்லியிருப்பார் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். வசனத்தை மாற்றச் சொன்னது யார் என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வேறொரு பெண் உனக்காகக் குரல் கொடுக்கிறாள். தாளில் இருப்பதையா, நீ சொன்னதையா? நீ போயிருக்கும் உன் அக்கா வீட்டிலிருந்து அதற்குள் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
வலப்பக்கம் நின்றவன்