முடிதிருத்துநர் தொடக்கூடாத தலைகள்

இல்லத்து முடிதிருத்துநருக்கு,

இளவேனில் அடிமேல் அடி வைத்து நம் சமையலறை ஜன்னலுக்கு வந்தது. முட்டை ஓடுகளில் கண்ணும் மூக்கும் வரைந்து, உள்ளே ஈரப் பஞ்சு வைத்துக் கடுகு தூவி, பச்சை முடி வளருமென்று நம் மகள் எட்டு நாள் தவம் கிடந்தாள். வளர்ந்தது. நேற்று நீங்களோ, கடையில் வெட்டியது போதாதென்று, முளைத்த ஐந்து தலைகளையும் ஒட்ட வெட்டிவிட்டீர்கள்!

"அழாதேடி, முடிதானே, வளர்ந்துடும்" என்று ஆறுதல் வேறு. வளர்வது உங்கள் வாடிக்கையாளர் முடி. நறுக்கிய கடுகு வளராது.

உணவு மூடி வைத்திருக்கிறேன். அலமாரியில் புது ஓடுகள் ஐந்து. அவள் பள்ளியிலிருந்து வந்ததும் மன்னிப்புக் கேளுங்கள். விதையை அவளே தூவட்டும். நீங்கள் பஞ்சை நனைத்தால் போதும். வீட்டுக் கத்தரிக்கோல் என் பையில் பத்திரம்.

பி.கு.: ஆறாவது ஓட்டில் உங்கள் முகம். முளைக்காததால் தப்பியது, அசல் உங்கள் வழுக்கை. நேற்றிலிருந்து உங்களோடு பேசாதவள் இன்று காலையில் என் காதில், "அப்பா தலையும் முளைக்கணும்னு வேண்டிக்கம்மா" என்றாள். அந்த முட்டைத் தலையைச் சாமி படத்தடியில் வைத்து, நீர் தெளித்து, விளக்கேற்றிக் கைகூப்பினேன்.

அது முளைக்கட்டும். அப்பனும் மகளும் பேசிச் சிரித்துப் பல்லாண்டு வாழ்க.