கழுவாத பூட்ஸ்

ஜனவரி 9, வெள்ளி

இன்று நான் சொல்லாதது: "பூட்ஸைக் கழுவிட்டு வாடா."

காட்டு வாசலில் பிரஷும் மருந்துத் தண்ணீரும் இருக்கின்றன. வெளிச் சேற்றிலுள்ள கிருமி உள்ளே போனால், ஆயிரம் வருடம் நிற்கும் காவ்ரி மரங்கள் வேரழுகிச் சாகும். இங்கே குழந்தைகள்கூட நின்று தேய்த்துவிட்டுத்தான் நுழைவார்கள். தம்பி ஹேமி ஆப்பிளைக் கடித்தபடி நேராகப் போய்விட்டான். பூட்ஸில் ஹெனாரே சித்தப்பா பண்ணைச் சேறு. அங்கே இரண்டு காவ்ரி ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டன.

ஏன் வாயைத் திறக்கவில்லை? நான்கு வருடம் கழித்துப் பெர்த்திலிருந்து வந்திருக்கிறான். போன முறை அவனை விரட்டியது என் வாய்தான் என்பாள் அம்மா. 'இங்கேயே இருந்துவிடேன்' என்று கேட்கத்தான் அவனை இந்தக் காட்டில் கூடாரமடித்துத் தங்க அழைத்துவந்தேன்.

ஜனவரி 10

பெரிய மரத்தின் முன் ஒரு மணி நேரம் நின்றோம். சுத்தியலால் தட்டித் தட்டிச் செய்த வெள்ளிபோல அதன் பட்டை. கிளை பிரியும் உயரத்தில் தனியாக ஒரு தோட்டமே வளர்கிறது. எத்தனையோ புத்தகங்களில் காடுகளைப் படித்திருக்கிறேன். இந்த அமைதிக்கு இவ்வளவு எடை இருக்கும் என்று எதிலும் இல்லை.

குனிந்தேன். பலகைப் பாதையில் அவன் காலடிச் சேறு, காய்ந்து, வரிவரியாக.

மாலை ஆற்றுக்குப் போனோம். தேநீர் நிறத் தண்ணீர், அடிக்கல் தெரிந்தது.

"அக்கா, யோசிக்காம குதி! யோசிச்சே கெழவி ஆயிடுவ."

குதித்தேன். மூச்சு நின்று வந்தது. மேலே வந்ததும் தானாக வெளியே விழுந்தது: "நீ பூட்ஸே கழுவலடா."

அவன் சிரிப்பு போய்விட்டது. "நேத்தே பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ வாயத் தொறந்தா ஊருக்கே கேக்கும். நேத்து என்ன, பல்லு வலியா?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிடுவியோன்னு…"

"லூசு! அதுக்குப் போய் பிளேன் ஏறுவேனா? அந்த மரம் செத்தா நான் எங்க வந்து நிப்பேன்?"

ஜனவரி 11

விடிந்ததும் வாசலிலிருந்து மரம்வரை முட்டிபோட்டுப் போனோம். சேற்றைச் சுரண்டிப் பையில் கட்டினோம். பலகையைவிட்டு இறங்கவே இல்லை என்று சத்தியம் செய்தான். வனத்துறை அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண் வந்து கூடாரத்தைச் சுற்றி மருந்தடித்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு ஹேமி கால்களைத் தேய்த்துக் கழுவி, வெறுங்காலோடு நடந்தான். விசிறிவால் குருவி ஒன்று கூடவே வந்தது.

கேட்டேன். "இருந்துடேன்டா."

 அவன் குருவியைப் பார்த்துச் சீட்டியடித்தான்.

ஜனவரி 15

போய்விட்டான். பூட்ஸ் என் வாசலில் இருக்கிறது, கழுவி, நாடா அவிழ்த்து.

மார்ச் 2

பூட்ஸை அனுப்பட்டுமா என்று அவனிடம் போனில் கேட்டேன். "இருக்கட்டும், ஈஸ்டருக்கு வேணும்."

ஏப்ரல் 4

காட்டு வாசலில் நான் காரைப் பூட்டுவதற்குள் ஹேமி பிரஷை எடுத்துவிட்டான். இடது பூட்ஸ், வலது பூட்ஸ், பிறகு என் பூட்ஸையும் பிடுங்கித் தேய்த்தான்.

அவன் திரும்பிப் போக டிக்கெட் எடுக்கவில்லை.