அப்பாவின் அடக்கத்துக் கசற்

கொட்டாஞ்சேனை
14.09.1997

அன்பு மகன் கிளெமென்ற் அறிய அம்மா சொல்லி எழுதுவிப்பது. கொச்சிக்கடை அந்தோனியாரின் காவலில் நானும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம், ரொறன்ரோக் குளிரில் உனக்கும் ஒரு குறை வராமல் அவரே பார்க்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுதிரி கொளுத்துகிறேன். இங்கே ஆமியின் சுற்றிவளைப்பு கொஞ்சம் குறைவு, போன கிழமை மட்டும் வந்து பொலிஸ் பதிவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவின் ஆண்டுப் பூசை நல்லபடி முடிந்தது. உன் அகதி வழக்கு எந்த அளவில் நிற்கிறது என்று ஒரு வரி எழுது. உன் பாட்டுக் கசற் கேட்டோம், இப்படிக் கத்தினால் தொண்டை புண்ணாகும், கொத்தமல்லி அவித்துக் குடி. தங்கச்சி தைக்கிற சட்டைகள் நன்றாக இருக்கிறதென்று தையல் கடை ரபீக்கா அக்கா சொல்லுகிறா.

அண்ணா, இவ்வளவும் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. அம்மா குழாயடிக்குப் போய்விட்டா, இனி எழுதுவது இமெல்டா. போன ஞாயிறு நீங்கள் போன் எடுத்தபோது நான் ஒன்றும் கதைக்கவில்லை என்று கோபித்தீர்களாம். அந்தப் போன் கடையில் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க எனக்கு ஓம் என்று சொல்லவே வாய் வராது, உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் வேறு என்ன வந்திருக்குமோ தெரியாது. நீங்கள் ஆளிடம் கொடுத்துவிட்ட உங்கள் பாட்டுக் கசற்றை வெள்ளவத்தையில் போய் வாங்கி வந்தது நான்தான். சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள், அட்டையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற படத்தைப் பார்த்து ஆமிக்காரனே முகத்தைச் சுளித்தான். எங்கள் ‘கோல்ட் பேஸ்மென்ற்’ குழுவின் முதலாவது ஸ்டூடியோ அல்பம், முன்பு கராஜில் பதிந்தது போலில்லை, பதினான்கு பாட்டும் இரண்டே நாளில் பதிந்தோம் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு முன் ஒருக்கால் கேட்டுப் பார்ப்போம் என்று கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். முதலில் பாட்டு வரவில்லை, அம்மாவின் குரல் வந்தது. “கிளெமென்ற், அப்பா போறார் ராசா, ஒரு பிடி மண் போடவும் நீ இல்லையே” என்று அம்மா அழுகிறா, அந்த ‘இல்லையே’ முடிய முன்னமே டிரம்ஸ் விழுகிறது, நீங்கள் கத்தத் தொடங்குகிறீர்கள்.

வழக்கு முடியாமல் நீங்கள் வர முடியாது என்றபடியால்தானே அடக்கத்தைப் பதிந்து அனுப்பினோம். வீடியோக்காரனைப் பிடிக்க வசதியில்லை, கசற் பதிகிற றேடியோவை நான் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் நாலு பேர் நின்றாலே உள்ளே ஓடுகிற நான், அத்தனை சனத்துக்கு நடுவில், தகப்பன் செத்த வீட்டில் மெஷின் பிடிக்கிறாள் பார் என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு நின்றேன். அண்ணா மட்டும்தான் கேட்பார் என்று அம்மாவுக்குச் சொல்லித்தான் பட்டனை அமத்தினேன். நீங்கள் அதை வெட்டி எடுத்து யாரோ வெள்ளைக்காரப் பெடியள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதிக்கிறதுக்குப் போட்டிருக்கிறீர்கள். அட்டைக்குள் நன்றி என்று அம்மாவின் பெயரும் இருக்கிறது. அவவிடம் யார் கேட்டது? அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டவள், எனக்கு இந்தச் சங்கீதம் விளங்காது என்று நினைப்பீர்கள். விளங்கியது. ஒரு நிமிடத்துக்குள் முடிகிற பாட்டுகள், ஆத்திரம் மட்டும் இருக்கிற பாட்டுகள். எட்டாவது பாட்டில் கத்தாமல் மெதுவாக ஒரு வரி சொல்லுகிறீர்களே, அது எனக்குப் பிடித்தது. பிடித்ததை நினைக்கவும் அருவருப்பாக இருக்கிறது.

ஆண்டுப் பூசை முடிந்து வந்ததும் அம்மா என்ன செய்தா தெரியுமா, மகனின் பாட்டுக் கேட்க வாருங்கள் என்று பக்கத்து வீட்டு மரியகொறற்றி அக்காவையும் கூட்டிவந்துவிட்டா. அதற்கு முதலே நான் கசற்றின் மேலே, திரும்பப் பதிய விடாமல் தடுக்கிற ஓட்டையை செலோரேப் ஒட்டி மறைத்து, அம்மாவின் குரல் வருகிற இடத்தில் ஒன்றுமில்லாமல் பதிந்து அழித்துவிட்டேன். மூன்று பாட்டு முடிய மரியகொறற்றி அக்கா அம்மாவைப் பார்த்து, “றோஸி, இது பாட்டோ, பேய் ஓட்டுற செபமோ?” என்று கேட்டா. அம்மாவும் சிரித்தா. “என்ரை பிள்ளை சின்னனிலையும் இப்பிடித்தான், பசிச்சா வீதி முழுக்கக் கேக்கும்” என்றா. நான் தப்பினேன் என்று இருந்தேன். மற்றப் பக்கத்தை நான் கடைசி வரை கேட்கவில்லை, எட்டாவதோடு நிறுத்திவிட்டேன், அதுதான் என் பிழை. கடைசிப் பாட்டு நின்ற பிறகும் நாடா ஓடியது. அம்மாவின் அழுகை திரும்ப வந்தது, இந்த முறை டிரம்ஸ் இல்லாமல், முழுவதும். மரியகொறற்றி அக்கா அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று எழும்பிப் போய்விட்டா. அம்மா நிற்பாட்டச் சொல்லவில்லை. முடிந்ததும், “அது நான்தானே பிள்ளை” என்று மட்டும் கேட்டா, நான் ஓம் என்றேன்.

ஐந்நூறு கசற்றும் விற்றுவிட்டது, மார்கழியில் இசைத்தட்டாக அடிக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அதில் அம்மாவின் குரல் இரண்டு இடத்திலும் இருக்கக் கூடாது. உங்கள் கூட்டாளிகள் என்ன சொன்னாலும் சரி. அடக்கத்துக் கசற்றையும் யாரிடமாவது கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

நேற்றுச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சட்டென்று, “அங்கை சனம் நான் அழுறதைக் கேட்டுச் சிரிச்சதுகளோ?” என்று கேட்டா. எழுத வேண்டாம் என்றும் சொன்னா. நான் எழுதுகிறேன். பதிலை அம்மாவின் பெயருக்கே போடுங்கள். உங்கள் கடிதங்களை நான்தானே வாசித்துக் காட்டுகிறேன், அம்மா கவலைப்படுவா என்று இதுவரை சில வரிகளை விட்டுவிட்டு வாசித்திருக்கிறேன். இந்த முறை ஒரு சொல்லும் விடமாட்டேன்.

அம்மா உங்கள் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னா. ஞாயிறு பூசையைத் தவறவிட வேண்டாமாம்.

அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
தங்கை இமெல்டா