பூட்டிய அறையில் எட்டு கம்ப்யூட்டர்

கோயம்புத்தூர்
12.2.1997

அன்புள்ள அத்தாவுக்கு, ஸலாம். முட்டிவலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

எங்கள் பள்ளியில் பாடம் நடத்த அரசு மானியத்தில் வாங்கிய எட்டு கம்ப்யூட்டரும், தூசி படுமென்று, ஒரு வருஷமாகப் பூட்டியே கிடந்தன. நேற்று ஆய்வுக்குழு வந்ததும் திறந்தார்கள்.

"இதுல என்ன கத்துக்கிட்டே, கண்ணு?" என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"செருப்பை வெளிய உட்டுப்போட்டு வரோணுமுங்க" என்றாள் என் மாணவி ராமாமணி, சோமனூர் தறிக்காரர் மகள். நான் சிரித்துவிட்டேன்.

"தெனமும் க்ளாஸ் எடுத்ததா கையெழுத்துப் போடுங்க. இல்லீனா வேற வேலை பாத்துக்கங்க" என்கிறார் பிரின்சிபால். திருட்டுக் கணக்கு அவருடையது, கையெழுத்து என்னுடையதாம்! நாளை காலை வரை கெடு.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது. அனுப்பும்போது, பீரோவிலிருக்கும் என் டிகிரி சர்டிபிகேட்டையும் வையுங்கள். சும்மாதான். அம்மாவுக்குத் தெரியவேண்டாம்.

தபால்காரர் தெருமுனைப் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன்.

ஆசிப்