மேட்டில் இழுக்காத கார்

செவ்வாய்க்கிழமை, இரவு.

நோட்டன் பிரிட்ஜ் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என் பழைய கார் கறுப்புப் புகை கக்குகிறது. இழுக்க மாட்டேன் என்கிறது. மஸ்கெலியா மெக்கானிக் இன்று காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"எஞ்சின் செத்துப்போச்சுங்க தாத்தா. இரும்பு வெலைக்கு நாளைக்கு நானே எடுத்துக்கிறேன்" என்றார். நானும் சரி என்றேன். (இந்த வயதில் எழுதப் பழகி, எஞ்சின் என்று எழுதிவிட்டேன். பார்க்க அழகாக இருக்கிறது.)

ஆனால் மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அதே மூடியைத் திறந்தேன். காற்றுப் போகும் வழியில் ஒரு சாக்குத் துண்டு. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகையில் மனைவி இடுப்பில் கட்டிய பழைய படங்கு.

"எலி கூடு கட்டுதேன்னு நாந்தான் அடைச்சேன். அதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்குறீங்க?" என்றாள்.

அதை உருவியதும் கார் எங்கள் லயத்து வீடுகளுக்குப் போகும் மேட்டில் சீறிக்கொண்டு ஏறியது. அவள் மீது கோபமில்லை. மூடியைத் திறந்த மனிதர் கண்ணில் இத்தனை பெரிய சாக்கு படவே இல்லையா? நாளைக்கு வரட்டும். சாவி என் மடியில்தான் இருக்கிறது.