உருவிய சீட்டு

நவம்பர் 16, ஞாயிறு.

அம்மா மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆண்டவர் மேலும் கொஞ்சம்.

தீபாவளிக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனியில் மருந்து தீப்பிடித்து அம்மாவின் இடது கை வெந்துபோனது. நாளை கம்பெனியைத் திறக்கிறார்கள். திரும்ப வேலைக்குப் போகலாமா என்று ஆண்டவரிடமே கேட்டுவிட, அம்மா இரண்டு சீட்டு எழுதினாள். ஒன்றில் 'போ', இன்னொன்றில் 'போகாதே'. மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டு, பால் பொங்குகிறதென்று ஓடினாள். அதற்குள் நான் 'போ'வை உருவிவிட்டு, நானே எழுதிய இன்னொரு 'போகாதே'யைச் செருகினேன். அச்சு அசல் அம்மா கையெழுத்து. ரேங்க் கார்டில் பழகியது.

ஜெபம் முடிந்ததும் அம்மா ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"'போ'ன்னுதான் வந்திருக்குடி."

"காட்டும்மா, பாப்போம்."

"ஆண்டவரச் சோதிக்கப்பிடாது. ஒன்னயக் காலேஜுக்கு அனுப்ப வேண்டாமா? ஆறு மணிக்கு வேன் வந்துரும், போயிப் படு."

இரண்டு சீட்டையும் பொடிப்பொடியாகக் கிழித்துவிட்டாள்.

தண்ணீரைத் திராட்சை ரசமாக்கியவருக்கு ஒரு சீட்டை மாற்றுவது பெரிய வேலையா? ஆனால் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். பொய் சொல்லும்போது நானும் அப்படித்தான்.

கேட்டால் நான் மாட்டுவேன். கேட்காவிட்டால் அம்மா வேனில் ஏறிவிடுவாள். உருவிய 'போ' என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. விடிந்ததும் அதை அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கின் மேல் வைக்கப்போகிறேன். பைபிளுக்குள் 'போ' இருக்கவே இல்லையென்று எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குப் புரிந்துவிடும். அடி விழுந்தால் விழட்டும்.

ஆண்டவரே, நிஜமாகவே நீர்தான் மாற்றினீரென்றால் என்னை மன்னியும். அப்போதும் அம்மாவை அனுப்ப மாட்டேன்.