நாற்பத்தொரு சதவீதம் காட்டிக்கொண்டே நின்ற ஆட்டோ

அனுப்புநர்:
ஜோ. லூர்து மேரி,
மின்சார ஆட்டோ உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
செம்பூர், மும்பை.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
மும்பை கிழக்கு.

பொருள்: என் ஆட்டோவின் பேட்டரிப் பதிவுகளை விற்பனை நிறுவனத்திடமிருந்து வரவழைத்து விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்குத் தமிழ் மட்டுமே எழுத வரும். என் மகள் லிசா செய்த மராத்தி மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

1. பதினான்கு மாதங்களாக நான் ஓட்டும் ஆட்டோ, மார்ச் 18 காலை அமர் மஹால் மேம்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. மீட்டர் அப்போதும் 41 சதவீதம் சார்ஜ் காட்டியது. படம் எடுத்து வைத்துள்ளேன். உள்ளே, டயாலிசிஸுக்காக வாரம் மூன்று முறை நான் முலுண்டுக்கு அழைத்துச் சென்றுவந்த மதீனா பீவி இருந்தார். வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்து, அன்று அவருக்குப் பாதி சிகிச்சைதான் நடந்தது. மறுநாள் அவருடைய வீங்கிய கால்களைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

2. சேவை மைய ஊழியர் ரோஷன், "மீட்டர் ஒரு அந்தாஜ்தான் மேரி அக்கா, குத்துமதிப்பாத்தான் காட்டும்" என்றார். பேட்டரி எவ்வளவு தேய்ந்துள்ளது என்பது நிறுவனத்துக்கு மட்டுமே தெரியுமாம், ஓட்டுபவருக்குக் காட்ட மாட்டார்களாம்.

3. உத்தரவாதப்படி பேட்டரியை மாற்றித் தரக் கேட்டதற்கு ஏப்ரல் 10 அன்று மறுத்துக் கடிதம் வந்தது. ஏப்ரல் 2 மாலை முதல் 5 காலை வரை சார்ஜ் போடாமல் நிறுத்திவைத்தேன் என்பது காரணம். உண்மைதான். பெரிய வியாழன் மாலை முதல் ஈஸ்டர் பூசை முடியும்வரை எங்கள் வீட்டில் வண்டி எடுப்பதில்லை. சார்ஜர் செருகுவதும் வேலைதானே என்று அதையும் பிடுங்கிவைத்தேன். அது தவறென்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏப்ரலில் செய்த தவறுக்காக வண்டி மார்ச்சிலேயே நின்றுவிடுமா?

4. ஐயா, அந்த நாட்களைப் பற்றி நான் நிறுவனத்தில் எவரிடமும் சொல்லவில்லை. வண்டிக்குள் அவர்கள் வைத்த கருவி சொல்லியிருக்கிறது. நான் சார்ஜரைப் பிடுங்கியதை மணி நிமிடத்தோடு குறித்த கருவி, பேட்டரி நலிந்து வந்ததையும் குறித்திருக்கும். அந்தப் பதிவைத்தான் கேட்கிறேன்.

ஆகவே, வண்டி வாங்கிய நாள் முதலான பதிவுகளை வரவழைத்து, என் முன்னிலையில் பேட்டரியைச் சோதித்து, மாற்றித் தர உத்தரவிட வேண்டுகிறேன். பேட்டரியின் உண்மை நிலை ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியவும் வழிசெய்ய வேண்டும்.

மார்ச் 18க்குப் பிறகு மதீனா பீவியை ஏற்ற எனக்குத் துணிவில்லை. அவரோ, "வண்டி சரியாயிருச்சா மேரி?" என்று வாரந்தோறும் போனில் கேட்கிறார். சரியாகிவிட்டது என்று அவரிடம் சொல்லும்வரை நான் விடப்போவதில்லை. தாங்கள் அழைக்கும் நாளில் வண்டியோடு வருவேன். வழியில் நின்றால் தள்ளிக்கொண்டு வருவேன்.

இடம்: செம்பூர்
நாள்: 20.04.2026

உண்மையுடன்,
ஜோ. லூர்து மேரி